முப்பது கிலோ கேரம் போர்டு

என் மனைவிக்குக் கேரம் ஆடத் தெரியும் என்பது, கல்யாணமாகிப் பதினேழு வருடம் கழித்து, ஓர் அலுவலகக் கடிதம் மூலமாக எனக்குத் தெரியவந்தது.

கொருக்குப்பேட்டையில் ஒரு சரக்கு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அங்கே ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டி உண்டு. பெண்களுக்கான கேரம் பிரிவு என்று அறிவிப்பார்கள். நான்கு பேராவது பெயர் கொடுக்கவில்லை என்று ரத்து செய்வார்கள். அடுத்த ஆண்டும் தவறாமல் அறிவிப்பார்கள். இந்த முறை அவள், பெண்கள் பிரிவு நடக்காவிட்டால் பொதுப் பிரிவில் ஆடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். 'ஆட்சேபனை இல்லை' என்று பதில் வந்திருக்கிறது. அந்தத் தாளைத்தான் அன்று என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"செமி ஃபைனல் ஜெயிக்கிற ரெண்டு பேரும் நேரா டீமுக்குப் போவாங்க. மூணாவது எடத்துக்குத் தனியா ஒரு ஆட்டம். விஜயவாடால மத்த ஆபீஸ் டீம்களோட போட்டி. இதுவரைக்கும் ஒரு லேடீஸ்கூட போனதில்ல. எனக்கு அந்த டீம்ல போவணும்."

"உனக்குக் கேரம் வருமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி நானும் தம்பியும் ஆடாத நாளே இல்ல. உங்களுக்குத் தெரியாதா இன்னா?"

தெரியாது. அவள் ஒரு தடவையாவது சொல்லியிருப்பாள். நான் அப்போது ஏதாவது படித்துக்கொண்டிருந்திருப்பேன். எங்கள் குடும்ப வரலாற்றில் முக்கியமான எந்தச் சம்பவத்தை எடுத்தாலும், அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்ற கேள்விக்கு இது ஒன்றுதான் பதில்.

ஆறு வாரம் இருந்தது. "ஒரு போர்டு வாங்கிடலாம்," என்றாள். விவேகமான யோசனை. ஆகவே நான் அதை நிராகரித்தேன். "வாங்குவதா? நாமே செய்வோம்!" என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கட்டுமானத் துறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே ஆறடி அகலத்தில் ஒரு சந்து இருக்கிறது. பள்ளிக்கூடம் மகளுக்குக் கொடுத்த வேலைகள் எல்லாம் அங்கேதான் உருவாயின. நான் ஆராய்ச்சி, அதாவது, புத்தகத்தைப் பார்த்து உரக்கப் படிப்பேன். ஒரு கப்பல் கம்பெனியில் சரக்குப் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் தொழில். ஆணி அடிப்பது அதில் சேராது. மகள் கோடு போடுவாள். மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், பொருளைச் செய்வான். அவன் திருவொற்றியூரில் கன்டெய்னர் ரிப்பேர் யார்டில் வெல்டர். எதைச் செய்யச் சொன்னாலும் இரும்பில் செய்வான்.

மகள் நான்காவது படிக்கும்போது, கலங்கரை விளக்கம் ஒன்றைச் சார்ட் பேப்பரில் செய்துகொண்டு வரச் சொன்னார்கள். பேப்பர் என்ற சொல் மச்சானுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஐந்து அங்குலக் குழாயில், உள்ளே ஏணி வைத்து, உச்சியில் சுழலும் விளக்கோடு செய்துகொண்டு வந்தான். நானும் அவனும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் வைத்தோம். முதல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு, வகுப்புக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள் என்று கேள்வி. எங்கள் படைப்புகளில் நீண்ட காலம் பயன்பட்டது அதுதான்.

போர்டு விஷயமாக மச்சானுக்குப் போன் செய்தேன்.

"மாமு, கடையில விக்கிறதெல்லாம் சொம்மா பிஸ்கட்டு. தட்டுனா ஒடஞ்சிரும். எங்க யார்டுல கழிச்சுப் போட்ட கன்டெய்னர் தரைப் பலகை கீது. எத்தினி டன் வெச்சாலும் அசையாது."

"அதன்மேல் பத்தொன்பது காய்தான் வைக்கப் போகிறோம்."

"அதான் மாமு சொல்றேன். தாங்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆட்டோவின் பின்சீட்டில் பலகையை உட்காரவைத்து, தான் டிரைவர் பக்கத்தில் தொங்கிக்கொண்டு வந்தான். ஒரு அங்குலத்துக்கும் கூடுதலான கனம். ஒரு நாள் முழுக்க இழைத்தான். டோல்கேட் பக்கம் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற கடைக்குக் கொண்டுபோய் வார்னிஷ் பூசினான். திரும்பி வந்தபோது பலகையில் முகம் தெரிந்தது. என் முகம். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விதிப்புத்தகத்தைப் பார்த்து அளவுகளை நான் படிக்க, ஒன்பதாவது படிக்கும் மகள் காம்பஸ் வைத்துக் கோடு போட்டாள். இரண்டு இடத்தில் நான் தப்பாகப் படித்தேன். இரண்டு முறையும் அவள் என்னை நம்பாமல் புத்தகத்தை வாங்கித் தானே பார்த்துக்கொண்டாள். அந்த போர்டில் கோடுகள் மட்டுமாவது சரியாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

அடுத்தது, நாலு பக்கச் சட்டம். அது நல்ல கெட்டி மரமாக இருக்க வேண்டும் என்று விதிப்புத்தகம் சொன்னது.

"மரம் வாணாம் மாமு. கடக்கரைக் காத்துல ஊதிக்கும். அப்பால காய் எங்க போவுதுன்னே சொல்ல முடியாது. இரும்பு ஆங்கிள் வெச்சு வெல்டு வெச்சா ஜென்மத்துக்கும் நிக்கும்."

நான் எதிர்த்துப் பேசினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை என்னவென்றால், பொருள்களின் மீள்தன்மையைப் பற்றி ஒரு மணி நேரம் படித்துவிட்டு, மரத்தைவிட இரும்பே மேல் என்று அறிவியல் ஆதாரத்தோடு நானும் சொன்னேன். மச்சானுக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. அவன் ஏற்கெனவே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பற்றவைக்க ஆரம்பித்திருந்தான்.

பாக்கெட்டுகளுக்கு வலை, நெட்டுக்குப்பத்தில் மீன்வலை கட்டுகிறவர் ஒருவரிடமிருந்து வந்தது. எல்லாம் முடிந்தபின் மச்சான், கன்டெய்னருக்கு நம்பர் எழுதுகிற அச்சுத்தகட்டை எடுத்து, மஞ்சள் பெயிண்டில், போர்டின் பக்கவாட்டில் '30 கிலோ' என்று எழுதினான்.

"இது எதுக்கு?"

"எடை எழுதாத சாமானை நாங்க வெளிய அனுப்ப மாட்டோம் மாமு. தூக்கறவன் தெரிஞ்சு தூக்கணும்ல?"

எங்கே வைப்பது? வடசென்னையில் கேரம் போர்டை டிரம் மேல்தான் வைப்பார்கள். எங்களிடம் ஒரே ஒரு நீல டிரம் இருந்தது. குழாய்த் தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம். சந்தில் அதை நிறுத்தி, மூன்று பேரும் சேர்ந்து போர்டைத் தூக்கி மேலே வைத்தோம். மச்சான் நாலு மூலையையும் ரசமட்டம் வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நின்றது. மூவரும் தள்ளி நின்று ரசித்தோம். மனைவி ஒரு பாத்திரத்தோடு வந்தாள்.

"ஒல வைக்கணும். தண்ணி எடுக்கணும்."

தண்ணீர் டிரம்முக்குள் இருந்தது.

அன்று மூன்று முறை போர்டைத் தூக்கி இறக்கினோம். மறுநாள் மச்சான் வந்து டிரம்மின் அடியில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தான். எங்கள் வீட்டில் ஒரு வேலை முடிவதென்றால், அதை முடிப்பதற்கான இன்னொரு வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பிறகுதான் அவள் முதல் அடி அடித்தாள்.

ஸ்ட்ரைக்கர் போய்ச் சட்டத்தில் பட்டது. டங்ங் என்று ஒரு சத்தம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டு அக்காவின் தலை எழுந்தது.

"இன்னாமே, கோயில் மணிய உங்க வூட்ல எறக்கி வெச்சிட்டாங்களா?"

"கேரம் போர்டுக்கா."

"கேரமா? நான் ஜெபம் பண்ண எந்திரிச்சிட்டேன்!"

இரும்புச் சட்டம், கனப் பலகை, அடியில் டிரம். கோயில் மணி செய்கிறவர்கள்கூட இவ்வளவு யோசித்துச் செய்வார்களா தெரியவில்லை. டிரம் நிறைந்திருந்தால் சத்தம் கொஞ்சம் அடங்கி வந்தது. தண்ணீர் குறையக் குறைய நீண்டு ஒலித்தது. "இன்னா, உங்க வூட்ல தண்ணி தீந்துபோச்சு போல?" என்று தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் என்னை நிறுத்திக் கேட்டார். மகள் ஓர் அளவுகோலைக் கயிற்றில் கட்டி டிரம்முக்குள் விட்டு, ஒவ்வொரு அங்குலத்துக்கும் சத்தம் எவ்வளவு நேரம் நீள்கிறது என்று எழுதி, ஒலி பற்றிய பாடத்துக்குச் செயல்திட்டமாகக் கொடுத்துவிட்டாள். வீட்டில் வேறு எவரும் பயன்படுத்தாத வகையில் அவள் மூளையைப் பயன்படுத்துகிறாள்; அம்மா பக்கத்து ரத்தம் என்று நினைக்கிறேன்.

ஆனால் போர்டு எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலைக்கு அது சரிப்படுமா என்ற கவலை எனக்கு வந்துவிட்டது. இரும்பில் பட்ட காய் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனது. ஒரு காய் எதிர்ச் சட்டத்தில் பட்டு, இந்தச் சட்டத்தில் பட்டு, மறுபடி எதிர்ச் சட்டத்தில் பட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். போட்டியில் இருக்கப்போவது மரச்சட்டம். இதில் பழகியவள் அதில் எப்படி ஆடுவாள்? அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு இடம். அதை என் ஆராய்ச்சி கெடுத்துவிடும் போலிருந்தது.

எனவே ஒரு பிற்பகல் அவள் அலுவலகத்தில் இருந்தபோது, பழைய கம்பளியை நாலு பட்டையாகக் கிழித்துச் சட்டத்தின் உட்பக்கம் ஒட்டினேன். வாழ்க்கையில் நான் தனியாக முடித்த ஒரே கட்டுமான வேலை அது. அவள் வந்தாள். நாலு அடி அடித்தாள். சத்தமே இல்லை. காய்கள் கம்பளியில் போய்த் தூங்கின. நாலு பட்டையையும் உரித்து என் கையில் கொடுத்தாள்.

"மணி அடிக்கட்டும். தப்பா அடிச்சா எனக்குத் தெரியணும்."

அவளுக்கு மட்டுமா தெரிந்தது? வேலையிலிருந்து வந்து, காப்பி குடித்துவிட்டு, ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை தினமும் ஆடினாள். தெரு கேட்டுக்கொண்டிருந்தது. "நேத்து சாயங்காலம் முப்பது வாட்டி அடிச்சுது. இன்னிக்குப் பதினெட்டுதான். தேறிடுவா," என்று அடுத்த வீட்டு அக்கா என்னிடம் சொன்னார். நான் அலுவலகத்தில் இருந்து வரும் வழியிலேயே எனக்கு நிலவரம் தெரிந்துவிடும். நாலாவது வாரத்தில் அவள் ஆடும்போது சந்திலிருந்து பவுடர் வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. எப்போதாவது ஒரு மணி. உடனே அவள் தன்னைத் தானே திட்டிக்கொள்வது கேட்கும்.

முதல் இரண்டு சுற்றையும் அலுவலக நாட்களில் ஆடி ஜெயித்துவிட்டு வந்தாள். அரையிறுதி சனிக்கிழமை மதியம், ராயபுரத்தில் ஊழியர் மன்றத்துக் கூடத்தில். குடும்பத்தார் வரலாம். கட்டுமானத் துறை முழுவதும் கிளம்பிப் போனோம். மச்சான் அன்று யார்டில் லீவு சொல்லியிருந்தான்.

எதிரே உட்கார்ந்தவர் பன்னிரண்டு வருடமாக அணியில் இருப்பவர். சட்டைப் பையில் மடித்து வைத்த துணியால் ஸ்ட்ரைக்கரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ரொம்பவும் தன்மையான மனிதர். "பயப்படாம ஆடுங்க மேடம்," என்றார். பயப்பட வைப்பதற்கு இதைவிட நல்ல வாக்கியம் எனக்குத் தெரியாது. அவருடைய பலம் டபுள்: எதிர்ச் சட்டத்தில் அடித்து, காயைத் தன் பக்கத்துப் பாக்கெட்டுக்கே திருப்பி வரவைப்பது. கை தட்ட வைக்கிற அடி.

மூன்றில் இரண்டு கேம் எடுத்தால் ஜெயம். முதல் கேம் அவருக்கு, இருபத்தைந்துக்கு ஆறு. நான் பயந்தது அப்படியே நடந்தது. வீட்டில் மெல்லத் தொட்டாலே திரும்பி வந்த ஸ்ட்ரைக்கர், இங்கே சட்டத்தில் பட்டதும் அங்கேயே படுத்துக்கொண்டது. அதைவிட மோசம், கூடத்தின் அமைதி. அவள் ஒரு காயைத் தவறவிடுவாள். பிறகு ஒரு கணம் சட்டத்தையே பார்ப்பாள், அது ஏதாவது சொல்லும் என்று எதிர்பார்ப்பதுபோல. சட்டம் ஒன்றும் சொல்லாது.

இடைவேளையில் அவளைச் சுற்றி நின்றோம்.

"யக்கா, இந்த போர்டு செத்த போர்டு. ஜோரா அடிக்கா!"

"சக்தி உறிஞ்சப்படுகிறது. அதாவது, மரத்தின் மீள்தன்மை…" என்று நான் ஆரம்பித்தேன்.

"அம்மா, தண்ணி குடி," என்றாள் மகள்.

மனைவி தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டாள். "மூணு பேரும் அந்தாண்ட வாசல்ல போய் நில்லுங்க. நான் ஆடணும்."

போய் நின்றோம். ஒரு திட்டத்தின் ஆராய்ச்சி, வரைபடம், தயாரிப்பு ஆகிய மூன்று பிரிவுகளும் ஒரே உத்தரவில் வெளியேற்றப்பட்டன. அங்கிருந்து முதுகுகளுக்கு நடுவே கொஞ்சம்தான் தெரிந்தது. அவள் கை வேகம் குறைந்திருந்தது தெரிந்தது. சட்டத்தின் பக்கமே போகவில்லை. எந்தக் காய் நேராக விழுமோ அதை மட்டும் அடித்தாள். விழாது என்று தோன்றினால், அவருடைய காய்க்கு வழியை அடைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். கை தட்ட அதில் ஒன்றுமில்லை. யாரும் தட்டவில்லை. இரண்டாவது கேம் அவளுக்கு, இருபத்தைந்துக்குப் பத்தொன்பது.

மூன்றாவது கேம் இழுத்தது. காய்களை அடுக்கி ஆடி முடிக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போர்டு என்றுதான் பெயர்; அப்படி ஏழு போர்டு முடிந்து இருவரும் இருபதில் நின்றார்கள். விதிப்படி எட்டாவதுதான் கடைசி போர்டு. அதை முடிக்கிறவருக்கு அரையிறுதி, விஜயவாடா, எல்லாம்.

சிவப்பை அவர் எடுத்து, அது செல்லுபடியாவதற்கான ஃபாலோ காயையும் போட்டுவிட்டார். அவருக்கு ஒரு கருப்பு பாக்கி. பாக்கெட்டின் வாயில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊதினால் விழும். அவளுக்கு ஒரு வெள்ளை பாக்கி. அது அவளுடைய கோட்டுக்குப் பின்னால், அவள் மடிப்பக்கம், இடது மூலைக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அடி அவளுடையது. விழவில்லையென்றால் அடுத்த அடியில் அவர் முடித்துவிடுவார்.

கோட்டுக்குப் பின்னால் கிடக்கும் காயை எதிர்ச் சட்டத்தில் அடித்துத் திருப்பித்தான் எடுப்பார்கள். கூடத்தில் எல்லோரும் எதிர்ச் சட்டத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், மனதில் கோணத்தைக்கூடக் கணக்குப் போட்டுவிட்டேன்.

"டபுள் போடு யக்கா!" மச்சானால் அடக்க முடியவில்லை. நடுவர் திரும்பி முறைத்தார். மகள் அவன் வாயைக் கையால் பொத்தினாள்.

அவள் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தாள். மணிக்கட்டைத் திருப்பினாள். கட்டைவிரல் நகத்தை ஸ்ட்ரைக்கரில் வைத்து, தன் பக்கமாகவே, பின்னோக்கி, ஒரு சுண்டு. அவ்வளவுதான். எதிர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் காய் விழுந்ததைப் பார்க்கவில்லை. நானும்தான். வலையில் அது விழுந்த சத்தத்தைத்தான் கேட்டேன்.

மச்சான் விசில் அடித்தான். இந்தமுறை நடுவர் முறைக்கவில்லை.

தோற்றவர் எழுந்து கை கொடுத்தார். மறுநாள் மூன்றாம் இடத்துக்கு அவர் ஆட வேண்டும். ஜெயித்தால் அவருக்கும் ரயிலில் இடம் உண்டு.

"டபுள்தான் போடுவீங்கன்னு நெனைச்சேன் மேடம். தம்ப் எங்க கத்துக்கினீங்க?"

"எங்க வூட்டு போர்டுல டபுள் போட்டா தெருவே எந்திரிச்சிரும் சார். பின்னாடி கெடக்கிற காயெல்லாம் தம்ப்லதான் எடுப்பேன்."

ஆறு வாரமாகச் சமையலறைக்குப் பின்னால் இது நடந்திருக்கிறது. நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. மச்சான் மட்டும், ஆரம்பத்திலிருந்தே இதற்காகத்தான் இரும்புச் சட்டம் வைத்தேன் என்பதுபோலப் பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தான். அவரும் நம்புகிற மாதிரிதான் தலையாட்டினார்.

விளையாட்டுச் செயலாளர் அணிப் படிவத்தைக் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் மூவரும் அனுமதி கேட்காமலேயே உள்ளே வந்து மேசையைச் சுற்றி நின்றோம். படிவத்தில் வீரர்களின் பெயருக்கு மூன்று வரிகள். மூன்றிலும் 'திரு' என்று அச்சடித்திருந்தது. அவள் தன்னிடம் தோற்றவரிடமே பேனாவை வாங்கி, முதல் வரியில் இருந்த 'திரு'வை அடித்தாள்.

"திருமதின்னு போட்டுக்கங்க மேடம்," என்றார் செயலாளர்.

"பேரு போதும் சார்." முதலெழுத்தோடு பெயரை எழுதினாள். வயது, பணி, முகவரி, டி-ஷர்ட் அளவு எல்லாம் எழுதிக்கொண்டே வந்தாள். கடைசிக் கட்டத்தில் 'பயிற்சி பெறும் கிளப்' என்று இருந்தது. அங்கே மட்டும் ஒரு நிமிடம் நிறுத்தினாள். பிறகு எங்கள் வீட்டுக் கதவு எண்ணையும் தெருவின் பெயரையும் எழுதினாள்.

செயலாளர் எட்டிப் பார்த்தார். "மேடம், இது கிளப் பேரு எழுதுற எடம். அட்ரஸ் மேல கீது பாருங்க."

"தெரியும் சார். அதையும் எழுதிட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.